பிரேக்பாயிண்ட்: நிறுத்தமும் நிறுத்திடமும்

ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக் குறித்த ஓரிடத்தில் நிற்கவைத்து, அப்போது மாறிகளில் உள்ள மதிப்புகளைப் பார்த்துவிட்டு மீண்டும் ஓடவிடுவதற்காக, நிரலின் பிழையைத் தேட உதவும் மென்பொருளான டீபக்கரில் வைக்கும் குறியே பிரேக்பாயிண்ட். 1946-இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அறிமுகமான எனியாக் கணினியில் நிரல் எழுத்தாக இருக்கவில்லை. ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்குச் செருகிய கம்பிவடங்களே நிரலின் வழியாக இருந்தன. ஓட்டத்தை ஓரிடத்தில் நிறுத்த வேண்டுமானால் அங்கிருந்த வடத்தைப் பிடுங்கினார்கள். வழி அறுந்த அந்த இடம் பிரேக்பாயிண்ட் எனப்பட்டது. இந்த உத்தியைக் கண்டவராக, எனியாக்கின் முதல் நிரலர்களுள் ஒருவரான பெட்டி ஹோல்பெர்ட்டனைச் சொல்வர்.

அங்கே பிரேக் என்பது மெய்யாகவே அறுத்தல். இன்று எதுவும் அறுவதில்லை. மேசைக்கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்86 வகைச் செயலியில், நிற்க வேண்டிய கட்டளையின் முதல் பைட்டை டீபக்கர் எடுத்து வைத்துக்கொண்டு அவ்விடத்தில் 204 என்ற மதிப்பை எழுதுகிறது; செயலி அதை எட்டியதும் ஓட்டம் நின்று கட்டுப்பாடு டீபக்கரிடம் வருகிறது; தொடரும்போது பழைய கட்டளையே நிறைவேறுகிறது. 'முறிவுப்புள்ளி' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு உடன்பாடாகாதது இதனால்தான்: முறிந்தது தொடராது, நின்றது தொடரும். 'நிறுத்தப்புள்ளி' அதைவிட நன்று. ஆனால் அதில் வரும் 'புள்ளி'யும் ஓரிடத்தில் பொருந்தாமல் போகிறது. அந்த இடம் ஓவர்லோடிங்.

ஒரே பெயரில் பல செயற்கூறுகளை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல்பகுதிகளை, எழுதி, அவை பெறும் மதிப்புகளான அளபுருக்களின் எண்ணிக்கையாலும் வகையாலும் அவற்றை வேறுபடுத்துவதே ஓவர்லோடிங். தமிழ்வழிப் பாடநூல்கள் இதைப் பணிமிகுப்பு என்கின்றன. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு சி பிளஸ் பிளஸ் மொழியில் சம்பளக் கணக்கு எழுதுவதாகக் கொள்வோம். அங்கே பீஸ் ரேட்டில் தைப்பவரும் உண்டு, ஷிப்ட் கணக்கில் வாங்குபவரும் உண்டு. 'கூலி' என்ற ஒரு செயற்கூறு பீஸ்களின் எண்ணிக்கையை முழு எண்ணாகப் பெறும். அதே பெயருள்ள இன்னொன்று ஒன்றரை ஷிப்ட் என்பதைப் பின்ன எண்ணாகப் பெறும். அழைக்கும்போது தரும் மதிப்பின் வகையைப் பார்த்து, நிரலை எந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலர் உரியதைத் தேர்ந்துகொள்ளும். எந்திரமொழியில் இவை தனித்தனி நினைவக முகவரி உடைய இரு செயற்கூறுகள்.

இந்நிலையில் ஒருவர் டீபக்கரிடம் 'கூலியில் நிறுத்து' என்று மட்டும் சொன்னால் எதில் நிறுத்துவது? தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்னும் இயல் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறது. வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெரிந்துவிடுவது ஒருவகை. அவ்வாறு வேறுபடாமல் நிற்பதால் கிளந்து, அதாவது வெளிப்படையாக எடுத்து, சொல்ல வேண்டியது மற்றொரு வகை. நிரலுக்குள் வரும் 'கூலி'க்குப் பக்கத்தில் அளபுரு இருப்பதால் அது முதல்வகை. டீபக்கரில் தட்டச்சிடும் வெறும் 'கூலி' இரண்டாம் வகை. ஒரே ஊரில் பழனிச்சாமிகள் பலர் இருக்கையில், கொங்கு நாட்டார் தோட்டத்தின் பெயரை முன்னால் சேர்த்து இன்னார் என்று தெளிவாக்குவதைப் போல, டீபக்கரும் அளபுரு வகையைச் சேர்த்தே இவற்றைக் காட்ட வேண்டும்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் தொடங்கிய ஜிடிபி என்னும் டீபக்கர், பெயர் பலவற்றைக் குறித்தால் முன்பு எண்ணிட்ட பட்டியலைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும். கேட்பது முறையாகத் தோன்றினாலும், பிழையைத் தேடுபவருக்கு எந்தக் 'கூலி' ஓடுகிறது என்பதே பலநேரம் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் நிறுத்தச் சொல்கிறார். 2012-இல் வந்த 7.4 பதிப்பு முதல், பொருந்தும் எல்லா இடங்களிலும் ஜிடிபி நிறுத்தம் வைக்கிறது. பழையபடி கேட்கவைக்கும் அமைப்பும் உண்டு. எல்லாவற்றிலும் வைப்பதே சரி என்பது என் கருத்து. ஆனால் வைத்த உடனேயே எத்தனை இடங்கள், ஒவ்வொன்றின் அளபுரு வகை என்ன, எந்தக் கோப்பில் எந்த வரி என்று இடைமுகம் கிளந்து சொல்ல வேண்டும்; 1.1, 1.2 என்று உட்பிரிவு எண் கொடுத்து, ஷிப்ட் கூலியை அப்படியே விட்டுப் பீஸ் கூலியில் மட்டும் நிறுத்தத்தை முடக்கவும் இடம் தர வேண்டும். ஓட்டம் நின்றபின் 'கூலியில் நின்றது' என்பது போதாது. எந்தக் கூலி என்பதும் அதே வரியில் வர வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஓர் இனக்குழுவுக்கு (கிளாஸ்) நாம் ஓர் ஆக்கிதான் (அதன் பொருளை உருவாக்கும் செயற்கூறு, கன்ஸ்ட்ரக்டர்) எழுதியிருப்போம். சில கம்பைலர்கள் அதை முழுப்பொருளுக்கு ஒன்றும் அடிப்படைப் பகுதிக்கு ஒன்றுமாக இரண்டாக்கிவிடும். எழுதியவர் அறியாத இந்தப் பிரிவைப் பணிமிகுப்பு போலப் பட்டியலில் விரித்தால் குழப்பமே மிஞ்சும். மூலநிரலில் ஒன்றாக இருப்பது திரையிலும் ஒன்றாகவே நிற்கட்டும்.

ஆக, பயனர் கேட்பது வேறு, அது விழும் முகவரிகள் வேறு. இரண்டையும் ஒரே 'புள்ளி'யில் அடக்காமல், கேட்பதை நிறுத்தம் என்றும், விழும் ஒவ்வோர் இடத்தையும் நிறுத்திடம் என்றும் வழங்கலாம். பேருந்து நிறுத்தம் என்ற வழக்கால் முதற்சொல் எல்லார்க்கும் பழகியது. நிரல் ஓடும்போது, ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்பான நூலகம் ஒன்று புதிதாக ஏறி, அதில் மீட்டர் கணக்கில் தறிக்கூலி போடும் மூன்றாவது 'கூலி' இருந்தால், நிறுத்தம் ஒன்றாகவே இருக்க, நிறுத்திடம் மூன்றாகும்.