ஏடிஎச்டி மதிப்பீட்டுக்குப் போவதற்கு முன்

"எனக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு-மிகைத்துடிப்புக் கோளாறு) இருக்கும் என்று நினைக்கிறேன்" என்று சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கடைசியாக அது உங்களுக்கு எப்போது தொந்தரவு கொடுத்தது? அன்று என்ன நடந்தது?" என்றுதான். பலர் இங்கேயே திணறிவிடுவார்கள். காணொளிகளும் கட்டுரைகளும் நிறையப் பார்த்திருப்பார்கள். 'ஹைப்பர்ஃபோகஸ்' (ஒரே விஷயத்தில் மூழ்கிப்போவது) போன்ற சொற்கள் சரளமாக வரும். ஆனால் போன வாரம் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொன்னால் மனம் வெறுமையாகிவிடும். இது அவர்கள் குற்றமில்லை. கேட்ட நேரத்தில் நினைவுக்கு வராமல் போவது இந்தப் பிரச்சினை உள்ளவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அதனால்தான் முன்கூட்டியே எழுதி வையுங்கள் என்று சொல்கிறேன்.

ஏடிஎச்டியைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, மூளை ஸ்கேனும் கிடையாது. கணினியில் செய்யும் கவனத் தேர்வுகளைச் சில இடங்களில் வைப்பார்கள். அவை துணைக்குத்தான், அவற்றை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. பெரும்பகுதி உங்கள் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டுத்தான் முடிவாகிறது. இணையத்தில் கிடைக்கும் ஏஎஸ்ஆர்எஸ் என்ற, பெரியவர்கள் தாங்களே நிரப்பும் ஏடிஎச்டி வினாப்பட்டியலின் முதல் ஆறு கேள்விகளில் அதிக மதிப்பெண் வந்தால், 'இவரை முறையாக மதிப்பிட வேண்டும்' என்று மட்டுமே அர்த்தம். அதையே முடிவாக எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள், தவறில்லை. அதில் 'அடிக்கடி' என்று குறித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்வையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தால் எனக்கு அதைவிட உதவி.

மருத்துவர் எதைத் தேடுகிறார் என்று தெரிந்தால் எதை எழுதுவது என்றும் தெரிந்துவிடும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளைக் கண்டறிய உதவும் டிஎஸ்எம்-5 கையேடு கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகளையும், மிகைத்துடிப்பு (ஓரிடத்தில் இருக்க முடியாத பரபரப்பு) மற்றும் யோசிக்காமல் செய்துவிடும் உந்துதலுக்கு ஒன்பது அறிகுறிகளையும் தருகிறது. ஏதாவது ஒரு பிரிவில் 17 வயது நிறையாதவர்களுக்கு ஆறும், 17 வயது நிறைந்தவர்களுக்கு ஐந்தும் இருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது. சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, படிப்பு, வேலை, நட்பு என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வாழ்க்கையில் உண்மையான பாதிப்பு இருக்க வேண்டும். வேறொரு காரணம் இதைவிடப் பொருத்தமாக இருக்கவும் கூடாது.

இதில் பெரியவர்களுக்குச் சிக்கலான பகுதி, 12 வயதுக்கு முந்தைய கதை. பழைய மதிப்பெண் அட்டைகள் கிடைத்தால் எண்களைவிட ஆசிரியர் எழுதிய குறிப்புகளைப் பாருங்கள். 'திறமை இருக்கிறது, முயற்சி போதாது', 'வகுப்பில் பேச்சு அதிகம்', 'அவசரத்தில் தவறு செய்கிறாள்' போன்ற ஒரு வரி மூன்று நான்கு வகுப்புகளில், வெவ்வேறு ஆசிரியர்கள் கையால் திரும்பத் திரும்ப வந்திருந்தால் அது நல்ல ஆதாரம். பாதியில் நின்ற நோட்டுப் புத்தகங்கள்கூட உதவும்.

அப்புறம் பெற்றோர். "சின்ன வயதில் எனக்குக் கவனப் பிரச்சினை இருந்ததா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். வீட்டுப்பாடம் முடிக்க யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்? காலையில் கிளப்ப எத்தனை முறை கத்த வேண்டியிருந்தது? எதையெல்லாம் தொலைத்தேன்? இப்படிக் கேட்டால் கதை கதையாக வரும். ஒரு அம்மா, "இவள் படு சமர்த்து" என்று ஆரம்பித்து, பள்ளிப் பையைத் தினமும் தானே அடுக்கியதையும், ஒவ்வொரு பாடத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து முடிக்க வைத்ததையும் அரை மணி நேரம் சொன்னார். அந்தத் தாங்குதல் இருந்தவரை மதிப்பெண் குறையவில்லை. விடுதிக்குப் போன முதல் ஆண்டிலேயே எல்லாம் சரிந்தது. நல்ல மதிப்பெண் எடுத்தவருக்கு ஏடிஎச்டி இருக்காது என்பது தவறான எண்ணம். ஓடி ஆடாமல், ஜன்னலைப் பார்த்துக் கனவு கண்டபடி அமைதியாக இருந்த பெண் குழந்தைகள் பலர் அன்று யார் கண்ணிலும் படவில்லை.

இன்னொன்றும் நடக்கும். "நானும் அப்படித்தான் இருந்தேன், இது சகஜம்" என்பார் அப்பா. ஏடிஎச்டி குடும்ப வழியில் வலுவாக வரக்கூடியது என்பதால், அந்தப் பதிலையும் குறித்துக்கொள்வேன். பெற்றோர் இல்லை, அல்லது பேச முடியாத உறவு என்றால் அண்ணன், அக்கா, பள்ளித் தோழர் போதும். யாருமே இல்லாவிட்டாலும் மதிப்பீடு நின்றுவிடாது.

இன்றைய வாழ்க்கைக்கு வந்தால், இரண்டு வாரம் கைபேசியில் குறிப்பு எடுங்கள். என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன நடந்தது, அதற்கு என்ன விலை கொடுத்தீர்கள், அவ்வளவுதான். 'ஒத்திப்போடுகிறேன்' என்று எழுதினால் எனக்கு ஒன்றும் புரியாது. 'கணக்கில் பணம் இருந்தும் மூன்று மாதம் கட்டணம் கட்டவில்லை, இணைப்பைத் துண்டித்த பிறகுதான் கட்டினேன்' என்றால் புரியும்.

சமாளிக்கும் வழிகளையும் எழுதுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "நேரத்துக்கு வருவதில் எனக்குப் பிரச்சினையே இல்லை" என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். கொஞ்சம் பேசியதும் தெரிந்தது: மாலை நான்கு மணிக்கு ஒரு சந்திப்பு என்றால் காலையிலிருந்தே வேறு எதையும் தொடமாட்டார், எங்கேயும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பார். வெளியிலிருந்து பார்த்தால் ஒழுங்கான மனிதர். அதற்கு ஒரு முழு நாளைக் கொடுக்கிறார்.

வேறு காரணங்களைப் பற்றிக் கேட்கும்போது 'என்னை நம்பவில்லையோ' என்று சிலர் வருந்துகிறார்கள். நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தூக்கக் குறைவு, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம், தைராய்டு, ரத்தசோகை, பதற்றம், மனச்சோர்வு, இருதுருவக் கோளாறு (பைபோலார்), மது, கஞ்சா எல்லாமே கவனத்தைச் சிதறடிக்கும். இவை ஏடிஎச்டியோடு சேர்ந்தும் இருக்கலாம். இங்கே காலம்தான் பெரிய துப்பு: சிறு வயதிலிருந்தே இருக்கிறதா, அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு குறிப்பிட்ட சமயத்தில் ஆரம்பித்ததா? சமீபத்திய ரத்தப் பரிசோதனை முடிவுகளையும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டு வாருங்கள். மதிப்பீட்டுக்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். போதைப் பழக்கம் இருந்தால் எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறைத்தால் முடிவு தவறாகப் போகும். குடும்பத்தில் இதய நோயோ இளவயதில் திடீர் மரணமோ இருந்ததா என்றும் விசாரித்து வையுங்கள். பின்னால் மருந்து பற்றிப் பேச நேர்ந்தால் ரத்த அழுத்தம், நாடித்துடிப்போடு அதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

பதின்பருவப் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோருக்கு: எதற்காகப் போகிறோம் என்று பிள்ளைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். 'பொது செக்கப்' என்று பொய் சொல்லி அழைத்து வந்தால் அந்த அமர்வில் எனக்குக் கிடைப்பது தோள் குலுக்கல் மட்டுமே. ஒன்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் கருத்தை எழுத்தில் வாங்கி வாருங்கள். பிள்ளையோடு தனியாகவும் பேசுவேன். உயிருக்கு ஆபத்து இல்லாத விஷயங்களை அப்படியே வெளியே சொல்லமாட்டேன். "கேம் மட்டும் ஐந்து மணி நேரம் ஆடுகிறானே, அப்போது கவனம் எங்கிருந்து வருகிறது?" என்பது தவறாமல் வரும் கேள்வி. உடனுக்குடன் பரிசு கிடைக்கும், நொடிக்கு நொடி மாறும் ஒன்றில் கவனம் நிற்பது ஏடிஎச்டி உள்ளவர்களுக்கும் சாதாரணம். அலுப்பான வேலையில், தேவைப்படும் நேரத்தில் அதைத் திருப்ப முடிகிறதா என்பதுதான் நான் பார்ப்பது.

நேரம் பதிவு செய்யும்போதே சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். எவ்வளவு நேரம் எடுக்கும், குடும்பத்தாரிடம் பேசுவீர்களா, டிவா-5 போல ஏடிஎச்டி அறிகுறிகளை வரிசையாகக் கேட்கும் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் உண்டா, எழுத்தில் அறிக்கை தருவீர்களா? தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வேண்டியிருந்தால் தேர்வு நடத்தும் நிறுவனம் எப்படிப்பட்ட அறிக்கையை ஏற்கும் என்பதையும் முன்பே விசாரியுங்கள். பத்து நிமிடத்தில் 'இருக்கிறது' என்றாலும், 'பட்டம் வாங்கியிருக்கிறீர்களே, இருக்காது' என்றாலும் இன்னொருவரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

அன்றைக்கு நடிக்க வேண்டாம். புதிய இடம், ஒரே ஒருவர் எதிரில், முழுக்க உங்களைப் பற்றிய பேச்சு என்பதால் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிடுவீர்கள். அது எங்களுக்கும் தெரியும். தாளைப் பார்த்தே படிக்கலாம்.

முடிவு 'இல்லை' என்று வந்தால், "அப்படியானால் இது என்ன, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பல இடங்களில் மதிப்பீட்டுக்கு முறை வர மாதக்கணக்கில் ஆகும். தூக்கத்தையும் பதற்றத்தையும் கவனிக்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் இடையில் வந்தால், அன்றைக்கே அருகிலுள்ள மருத்துவரிடமோ அவசரப் பிரிவிலோ சொல்லுங்கள். மதிப்பீட்டுத் தேதிக்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள்.