தொழில்: கூலி

வெளிநோயாளி சீட்டில் பெயர், வயது, முகவரிக்குக் கீழே 'தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. அன்று என் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் சீட்டில், அந்தக் கட்டத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தது. வயது 38. காசநோய் மருந்தை இரண்டு முறை முழுசாகச் சாப்பிட்டு முடித்தவர். சளிப் பரிசோதனையில் ஒருமுறைகூடக் கிருமி தென்பட்டதில்லை. மூச்சிரைப்பு மட்டும் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் மாடிப்படி ஏற முடியவில்லை, பிறகு வேகமாக நடக்க முடியவில்லை, இப்போது சட்டை மாட்டும்போதே இரைக்கிறது.

"கூலின்னா என்ன வேலைங்க?"

"கல்லு அறுக்கிறதும்மா. மெஷின்ல."

"தண்ணி ஊத்திக்கிட்டே அறுப்பீங்களா?"

"தண்ணி ஊத்தினா போட்ட கோடு அழிஞ்சிரும்மா. காய்ஞ்ச கல்லுதான்."

"எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷம்."

மூன்று கேள்விகள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் பையில் சுருட்டி வைத்திருந்த பழைய எக்ஸ்ரேக்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், இரண்டு நுரையீரல்களின் மேற்பகுதியிலும் மணல் தூவினாற்போலப் புள்ளிகள். சிலிகோசிஸ். கல்லை உலர்வாக அறுக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது ஆபத்தில் சிறுபங்குதான். கல்லிலும் மணலிலும் உள்ள சிலிகா என்ற கனிமத்தின் கண்ணுக்குத் தெரியாத துகள்கள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகின்றன. தங்கிய இடமெல்லாம் தழும்பாகிறது. அந்தத் தழும்பை ஆற்றும் மருந்து இன்றுவரை இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றலாம்.

அவருக்கு முன்பு சிகிச்சை தந்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். சிலிகோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம், எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதும் உண்டு. ஆனால் அந்தக் கட்டம் காலியாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் கேட்டிருப்பார். 'கூலி' என்று நிரப்பியிருந்ததால் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

1700-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி எழுதியபோது, நோயாளியிடம் கேட்கச் சொல்லிப் பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸ் காலத்திலிருந்து வந்த கேள்விகளோடு ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் நாங்கள் அதை அரைகுறையாகத்தான் கேட்கிறோம். 'கூலி', 'கட்டட வேலை', 'வீட்டு வேலை', 'பண்ணை வேலை' என்ற பதில்கள் ஒருவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதைச் சொல்லும். அவர் கையும் மூச்சும் நாள் முழுக்க எதோடு பழகுகின்றன என்பதைச் சொல்லாது.

தொழில்சார் மருத்துவத்தில் கள ஆய்வுகளும் செய்கிறவள் என்ற முறையில் எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. எங்கள் ஆய்வுகளும் இதே கட்டத்தை இதே போலத்தான் நிரப்பிவிட்டு வருகின்றன.

தொழிலாளர் ஆய்வு என்றால் வழக்கமாக எங்கே தொடங்குவோம்? நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில். யார் யார் எந்தப் பிரிவில், எத்தனை வருடம் என்று சுத்தமான பட்டியல் கிடைக்கும். அதில் பெயர் இருப்பவர்களை வரிசையாகப் பரிசோதிப்போம். ஆனால் உலகில் வேலை செய்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், அதாவது சுமார் 200 கோடிப் பேர், முறைசாராத் தொழிலில் இருக்கிறார்கள் என்று 2018-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டது. அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பெரிய ஆலைக்குள்ளேயே கூட, தொட்டியைக் கழுவுவது, புகைபோக்கியைச் சுரண்டுவது, பழைய கூரையைப் பிரிப்பது போன்ற மோசமான வேலைகள் ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் ஆட்களுக்குத்தான் போகின்றன. அந்த ஆட்கள் ஆலையின் பட்டியலில் இருக்க மாட்டார்கள். ஆகவே மோசமான வேலையைச் செய்பவர்களை விட்டுவிட்டு எடுத்த ஆய்வு, ஆலை பாதுகாப்பானது என்று முடியும். அந்த முடிவைக் காட்டி அடுத்த பத்து வருடம் யாரும் எதுவும் கேட்க முடியாது.

இன்னொரு பொறி இதைவிட நுட்பமானது. நோயுற்றவர் வேலைக்கு வர மாட்டார். வேலைக்கு வருபவர்களை மட்டும் பரிசோதித்தால், தாக்குப்பிடித்தவர்களை மட்டுமே பரிசோதித்திருக்கிறோம். உடம்பு முடியாதவர்கள் கடினமான தொழிலை விட்டு விலகுவதால் அந்தத் தொழிலின் சாவுக் கணக்கு குறைவாகத் தெரிகிறது என்று 1885-இலேயே இங்கிலாந்தில் வில்லியம் ஓகிள் கவனித்திருக்கிறார். இப்போது இதை 'ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு' என்கிறோம். நிரந்தர வேலையும் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பும் உள்ள இடத்தில் விலகியவரை எப்படியாவது தேடிப் பிடித்துவிடலாம். தினக்கூலிக்காரர் இரண்டு நாள் இருமினால் மூன்றாம் நாள் அவர் இடத்தில் வேறொருவர் நிற்பார். நான்காம் நாள் அங்கே போகும் ஆய்வாளருக்கு அவர் இருந்ததே தெரியாது.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1930-31-இல் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதை தோண்டியபோது நடந்ததை நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். சிலிகா மிகுந்த பாறை, உலர்வான துளையிடல். தோண்டியவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். சில மாதத் தூசியிலேயே பலரின் நுரையீரல் போய்விட்டது. 1936-இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் 476 பேர் இறந்ததாகப் பேசப்பட்டது. 1986-இல் வெளிவந்த ஆய்வு குறைந்தது 764 பேர் என்று மதிப்பிட்டது. சரியான எண் இனி யாருக்கும் கிடைக்கப்போவதில்லை. மூச்சு முட்டியதும் அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். சாவு எங்கோ ஓர் ஊரில் நிமோனியாவாகவோ காசநோயாகவோ பதிவாகியிருக்கும், அல்லது பதிவே ஆகியிருக்காது.

இது பழங்கதை அல்ல. சமையலறை மேடைக்குப் பயன்படும் செயற்கைக் கல்லில் சிலிகா 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கலாம். அதை அறுத்து இழைத்த இளம் வயதுத் தொழிலாளர்களுக்குச் சிலிகோசிஸ் வருவதாக ஸ்பெயின், இஸ்ரேல், ஆஸ்திரேலியா என்று செய்திகள் வந்தன. கலிஃபோர்னியாவில் 52 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2023-இல் வெளியானது. ஏறக்குறைய எல்லாருமே லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து குடியேறிய ஆண்கள். பாதிப் பேருக்கு மேல் நோயைக் கண்டுபிடிப்பதில் தாமதம். நிமோனியா, காசநோய் என்று நினைத்துச் சிகிச்சை தந்திருந்தார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடைசெய்தது. ஒழுங்கான மாஸ்க் போடுங்கள் என்று தொழிலாளியிடம் சொல்வதோடு நிறுத்தாமல் ஒரு நாடு பொருளையே விலக்கியது எனக்குப் பெரிய ஆறுதல்.

மாஸ்க் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுவாசக் கவசம் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் பயன். எந்த முக அளவுகளை வைத்து அது பொருந்துகிறதா என்று சோதித்தார்கள் தெரியுமா? பல பத்தாண்டுகளாக, 1967-68-இல் அமெரிக்க விமானப்படையினரிடம் எடுத்த அளவுகள். 2003-இல்தான் அமெரிக்காவில் பல இனத்தவரும் பெண்களுமாக உழைக்கும் மக்களின் முகங்களைப் புதிதாக அளந்தார்கள். நடுவில் எத்தனை பெண்கள், எத்தனை சின்ன முகக்காரர்கள், பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு தூசியை இழுத்திருப்பார்கள்! ஆய்வில் சேர்க்காமல் விட்டவர்களுக்குக் கருவியும் பொருந்துவதில்லை.

சராசரி செய்யும் தீங்குக்கு ஓர் உதாரணம் போதும். அமெரிக்காவின் அலெகனி மாவட்டத்தில் சுமார் 59,000 எஃகுத் தொழிலாளர்களிடையே நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்தார்கள். எல்லாரையும் ஒன்றாகப் பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியவில்லை. வில்லியம் லாய்ட் 1971-இல் வெளியிட்ட பகுதியில் வேலையை இடம் இடமாகப் பிரித்தார். எஃகு ஆலைக்காக நிலக்கரியைச் சுட்டுக் 'கோக்' என்ற எரிபொருளாக்கும் கோக் அடுப்பு, அதிலும் அடுப்பின் மேல்தளம். ஐந்து வருடமோ அதற்கு மேலோ முழுநேரமும் மேல்தளத்தில் நின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் சாவு எதிர்பார்த்ததைப் போலப் பத்து மடங்கு. புகையும் சூடும் நேராக முகத்தில் அடிக்கும் அந்த இடத்தில் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்களைத்தான் நிறுத்தியிருந்தார்கள். 'எஃகுத் தொழிலாளி' என்று மட்டும் கட்டத்தை நிரப்பியிருந்த காலம்வரை அந்தச் சாவுகள் கண்ணில் படவில்லை. எந்தத் தளத்தில் நிற்கிறாய் என்று கேட்டதும் பட்டன. 1976-இல் அமெரிக்காவில் கோக் அடுப்புகளுக்கென்று தனி விதியே வந்தது.

எப்படிக் கேட்பது

நான் தவறு செய்து கற்றுக்கொண்டவைதான் இவை. முதல் கள ஆய்வில் கேள்விப் படிவத்தோடு வேலையிடத்துக்கே போனேன். மேஸ்திரி பக்கத்தில் நிற்க, "வேலையால உங்களுக்கு ஏதாவது உடம்புக் கோளாறு இருக்கா?" என்று கேட்டேன். எல்லாரும் இல்லை என்றார்கள். நாற்பத்துச் சொச்சம் படிவங்களில் ஒரே பதில். நாளை வேலை வேண்டும் என்பவர் வேறு என்ன சொல்வார்? அந்தப் படிவங்களை நான் பயன்படுத்தவில்லை.

இப்போது அவர்கள் தங்குமிடத்துக்குப் போகிறோம், அவர்களுக்கு ஓய்வுள்ள நேரத்தில். அவர்களில் ஒருவரையே பயிற்சி கொடுத்துக் கேட்கவைக்கிறோம், அதற்குச் சம்பளமும் தருகிறோம். நோயைக் கேட்பதற்கு முன் வேலையைக் கேட்கிறோம்: காலையில் போனதும் முதலில் எதைத் தொடுவீர்கள், தூசி எங்கிருந்து வரும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும், துணியை எங்கே துவைப்பீர்கள், யார் துவைப்பார்? (கடைசிக் கேள்வியால்தான் சில வீடுகளில் மனைவியையும் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும் என்று தெரிந்தது. ஈயமும் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நாரும் துணியோடு வீட்டுக்கு வரும்.) ஒரு மனித உருவத்தை வரைந்து வைத்து, எங்கே வலிக்கிறதோ அங்கே புள்ளி வைக்கச் சொல்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வைப்பார். பத்துப் பேர் வைத்த பிறகு எல்லாப் புள்ளிகளும் ஒரே தோளில் குவிந்திருப்பதை அவர்களே பார்த்துப் பேசத் தொடங்குவார்கள்.

பேசியபின் அவர்களுக்கு என்ன நேரும் என்பதும் எங்கள் பொறுப்பு. மத்திய அமெரிக்காவின் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடம், சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத இளைஞர்களிடம், சிறுநீரகச் செயலிழப்பு பரவியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொளுத்தும் வெயிலில், வெட்டிய எடைக்குக் கூலி என்றால் யார் நிழலில் உட்காருவார்? தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் வேலை நேரத்துக்குள்ளேயே கொடுத்துப் பார்த்த இடங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. ஆனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை ஆளை வடிகட்டவும் பயன்படுத்தலாம். அளவு கூடியவரை வேலையை விட்டு நிறுத்தினால் அவர் எந்தப் பரிசோதனையும் இல்லாத ஓர் ஒப்பந்தக்காரரிடம் போவார், அதே வெயிலில் அதே கரும்பை வெட்டுவார். முடிவுகளை யாரிடம் தருவோம், யாரிடம் தர மாட்டோம் என்று ரத்தம் எடுக்க ஊசி குத்துவதற்கு முன்பே எழுத்தில் உறுதி கொடுக்காத ஆய்வில் நான் கையெழுத்திடுவதில்லை. முதல் முடிவு தொழிலாளிக்கு, அவர் மொழியில், வாய்விட்டுச் சொல்லி.

பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழல் 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் அதை மதித்து நடக்கும் கடமை உண்டு. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கும் அந்த உரிமை உண்டு என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வாளர்கள் யார் இதைப் படித்தாலும், ஒரு கேள்வியை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல் அறுப்பவரிடம் நான் கடைசியாகக் கேட்டது அதுதான்: "உங்ககூட வேலை பார்த்தவங்கள்ல இப்ப யாரெல்லாம் வர்றதில்ல?"

விரலை மடக்கி எண்ணினார். ஏழு பேர். மூவர் இறந்துவிட்டார்கள். இருவர் எங்கே போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. மீதி இருவரின் இருப்பிடத்தை விசாரித்துச் சொன்னார். ஒருவரைத் தேடிப் போய்ப் பார்த்தபோது அவரிடமும் காசநோய் மாத்திரை அட்டை இருந்தது, வெளிநோயாளி சீட்டும் இருந்தது. தொழில் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல, இடம் போதாமல் ஓரத்தில் எழுதினேன்: காய்ந்த கல் அறுத்தல், 9 வருடம், தினம் 10 மணி நேரம், மூடிய கொட்டகை, வேலையை விட்டு 2 வருடம்.