பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் ஹேண்ட் பிரேக்

ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் பட்டறைக்கு வரும் வேலைகள் மாறிவிடும். வைப்பர், பேட்டரி, டயர், ஹெட்லைட் என்று கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் அவர்களே கேட்டுச் செய்துகொள்வார்கள். வண்டியை ரேம்ப்பில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லைங்க, பின் டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிடலாம்" என்று சொன்னால் மட்டும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அதப் பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம்ணா. கியர்ல போட்டுத்தானுங்க நிறுத்தறேன்."

தள்ளிப்போடக்கூடிய வேலைகள் காரில் நிறைய உண்டு. ஹேண்ட் பிரேக் அதில் சேராது. மழையும் பனியும் சேர்ந்து வரும் ஐப்பசி முதல் தை வரையான மாதங்களில் சேரவே சேராது. சேலத்துக்காரர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் குடியிருப்பது மலையடியில். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, ஏற்காட்டில் ஏரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறோம். ஊருக்குள் சமதரையில் மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும் பழுது, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் வண்டியை நிறுத்துகிற முதல் சரிவிலேயே தெரிந்துவிடும்.

ஹேண்ட் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சக்கரத்தில் டிரம் பிரேக்தான். காலால் மிதிக்கும்போது ஆயில் அழுத்தம், பிரேக் ஷூ என்கிற வளைந்த கட்டைகளை, சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் போன்ற டிரம்மின் உள்பக்கத்தில் வைத்து அழுத்துகிறது. ஹேண்ட் பிரேக் லீவரைத் தூக்கும்போது அதே ஷூவை ஒரு எஃகுக் கேபிள் இழுத்து அழுத்துகிறது. இழுக்கும் வழிதான் வேறு, பிடிக்கும் ஷூ ஒன்றே. அதனால் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்றால் கேபிள் தளர்ந்திருக்கலாம், ஷூ தேய்ந்திருக்கலாம், ஆயில் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரிலிருந்து ஆயில் கசிந்து ஷூவை நனைத்திருக்கவும் செய்யலாம். பின்னால் சொன்ன இரண்டில் எதுவாக இருந்தாலும் கால் பிரேக்கும் பாதி பழுதாகிவிட்டது என்று அர்த்தம். பொங்கல் வரை அப்படியே ஓட்டுகிறேன் என்கிறவர் இந்த மூன்றில் தன் வண்டிக்கு எது என்று தெரியாமல்தான் சொல்கிறார். டிரம்மைக் கழற்றாமல் எனக்கும் தெரியாது.

இனி கேபிள். சைக்கிள் பிரேக் கேபிள் போலவே ஓர் உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பி அது. காருக்கு அடியில், சேறும் தண்ணீரும் நேராக அடிக்கும் இடத்தில் போகிறது. உறையின் முனையில் சின்ன ரப்பர் மூடி ஒன்று இருக்கும். அது வெடித்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். கோடையில் ஓர் ஓட்டத்தில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. மேலே ஏற்காட்டில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழிப் பனியில் ஒரு ராத்திரி வெளியே நின்ற காரை விடிந்ததும் குனிந்து பாருங்கள், அடித்தளம் முழுக்க நனைந்திருக்கும். காப்பிப் பழம் பறிக்கும் சமயமும் இதுதான் என்பதால் எஸ்டேட் வழிகளில் ஓடும் ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் ஈரத்தோடு செம்மண்ணும் சேர்ந்துகொள்கிறது. கம்பி துருப்பிடிக்கும், துரு ஊதி உறைக்குள் இறுகும். இழுத்தால் வராது, வந்தால் திரும்பிப் போகாது. அதைத்தான் நாங்கள் கேபிள் ஜாம் என்கிறோம்.

தள்ளிப்போடுகிறவர்கள் எல்லாரும் கூடவே செய்யும் ஒரு காரியம்தான் எனக்குப் பெரிய கவலை. பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் லீவரைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள். தினமும் இரண்டு தடவை இழுபட்டுத் திரும்பும் கம்பி, உறைக்குள் தன் வழியைத் தானே துடைத்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்தி, மழையில் இரண்டு மாதம் அசையாமல் விட்டால் இருந்த இடத்திலேயே இறுகிவிடும். ஐப்பசியில் கொஞ்சம் இழுத்து வைத்தால் சரியாகியிருக்கும் கேபிள், தை மாதம் வரும்போது மாற்றினால்தான் உண்டு என்ற நிலையில் வருவது இதனால்தான். பழுது அப்படியே காத்திருக்கும் என்று நினைக்கிறார்கள். அது ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் முற்றுகிறது.

எஸ்டேட் வேலையாக மலைக்கும் ஊருக்கும் தினமும் ஓடும் ஒருவருடைய கார் என்னிடம் வந்தது. மழை தொடங்கும்போதே ஹேண்ட் பிரேக் தளர்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். அவரும் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துச் சமாளித்திருக்கிறார். தை பிறப்பதற்கு முன்னால், வீட்டுக்கு வந்த உறவுக்காரர் வண்டியை எடுத்துப்போய் மேலே நிறுத்தும்போது, விவரம் தெரியாமல் லீவரை முழு பலத்தோடு தூக்கிவிட்டார். மறுநாள் லீவர் இறங்கியது, ஒரு பக்கக் கேபிள் இறங்கவில்லை. அந்தப் பின் சக்கரம் பாதி பிடித்தபடியே மலை முழுக்க இறங்கி வந்திருக்கிறது. பாதி வழியிலேயே தீய்ந்த வாடை வந்திருக்கிறது. லாரி வாடை என்று நினைத்துக்கொண்டார்களாம். அடிவாரம் வந்தபோது பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போயிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் கருகி, டிரம் நீலம் பாய்ந்து, வீல் சிலிண்டரின் ரப்பர் வெந்து ஆயில் கசிந்துகொண்டிருந்தது. கேபிளோடு முடிந்திருக்க வேண்டிய வேலை ஷூ, டிரம், சிலிண்டர் என்று நீண்டது. செலவுகூடப் போகட்டும். கடைசி வளைவுகளில் கால் பிரேக் கைவிட்டிருந்தால் உள்ளே ஒரு குடும்பம் இருந்தது.

சரி, கியரில் போட்டால் போதாதா? சமதரையில் போதும். சரிவில் அது துணைதான். 10 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் சாலையில் 1,300 கிலோ கனமுள்ள வண்டியைக் கீழே இழுக்கும் விசை சுமார் 130 கிலோ. ஆளும் பையும் ஏறிய சாதாரணக் கார் அந்தக் கனம் வந்துவிடும். கியரில் நிற்கும் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது இன்ஜின் சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று. அந்தக் காற்று மெல்லக் கசியும், பழைய இன்ஜினில் சீக்கிரமே கசியும். அப்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிச் சற்று நகர்ந்து நிற்கும், அப்புறம் இன்னொரு குலுக்கு. வண்டிக்குள் விளையாடும் பிள்ளை கியர் கம்பியைத் தள்ளினால் அந்தப் பிடியும் போச்சு. கியரில் நிற்பது தெரியாமல், கிளட்ச் மிதிக்காமல் வேறொருவர் சாவியைத் திருப்பினால் வண்டி பாயும். ஏற்காட்டில் படகு இல்லம், லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் எங்கே போனாலும் நிற்கும் கார்களுக்கு நடுவே பிள்ளைகள்தான் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறார்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் 'பி' (பார்க்கிங்) இருக்கிறதே என்கிறார்கள். 'பி'யில் போட்டால் கியர்பாக்ஸுக்குள் ஒரு சிறிய இரும்பு நாக்கு பல்லில் மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். சரிவில் மொத்தக் கனமும் அதன் மேல் உட்காரக் கூடாது. காலைப் பிரேக்கில் வைத்தபடியே 'என்'னில் (நியூட்ரல்) போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலைத் தளர்த்தி வண்டி அதில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் 'பி' போடுவதுதான் முறை. சுவிட்சில் இயங்கும் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் எச்சரிக்கை விளக்கு ஒருமுறை வந்தாலும் உடனே காட்டுங்கள். சிக்னலில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் 'ஆட்டோ ஹோல்டு' வசதியை நம்பி இறங்கிப் போய்விடாதீர்கள், அது வேறு வேலைக்கு உள்ளது.

கல் வைப்பது பற்றி. வைப்பதைக் குறை சொல்லவில்லை, நானும் மரக்கட்டை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஆனால் சாலையோரம் பொறுக்கிய உருண்டைக் கல் ஈரத் தாரில் வழுக்கும். வண்டி கிளம்பிய பிறகு அந்தக் கல் அங்கேயே கிடக்கும். பனிமூட்டத்தில் பைக்கில் வருகிறவருக்கு அது தெரியாது.

மலையில் நிறுத்தும்போது பள்ளத்துப் பக்கத்தை விட்டு மேட்டுப் பக்கமாக நிறுத்துங்கள். முகம் இறக்கத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ் கியர், ஏற்றத்தைப் பார்த்திருந்தால் முதல் கியர். ஸ்டியரிங்கைத் திருப்பி, உருண்டாலும் வண்டி மேட்டில் போய் முட்டும்படி முன் சக்கரங்களை வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை முதலில் இழுத்துவிட்டு அப்புறம் கியர் போடுங்கள்.

ஓடும் வண்டிக்கும் அது வேண்டும். மலைப்பாதையில் இடம் குறுகினால் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. வளைவில் பேருந்து திரும்பும்வரை ஏற்றத்தில் நின்று, மறுபடி கிளம்ப வேண்டியும் வரும். ஹேண்ட் பிரேக் இல்லாதவர்கள் அரைக் கிளட்ச்சில் வண்டியைத் தாங்குகிறார்கள். சேலம் ஐந்து ரோடு மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசல் என்றாலும் இதே கதைதான். தேய்வது கிளட்ச் பிளேட். அதன் விலை ஹேண்ட் பிரேக் கேபிளைப்போல் பல மடங்கு.

இங்கே ஒரு கேள்வி வரும். ஈரத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தே வைத்தால் ஒட்டிக்கொள்ளாதா? ஒட்டும். வார்ப்பிரும்பு டிரம்மில் ஒரே ராத்திரியில் துரு படியும், அழுந்தியிருக்கும் லைனிங் அதோடு ஒட்டிக்கொள்ளும். வாட்டர் சர்வீஸ் செய்து அப்படியே ஷெட்டில் விட்ட வண்டிக்கும் இது நடக்கும். அதனால் நாள்கணக்கில் நிற்கப்போகிற வண்டியை, சமதரையில் மட்டும், கியரில் போட்டுச் சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி விடலாம். நிறுத்துவதற்கு முன் மெதுவாக ஓட்டி, கால் பிரேக்கை நாலைந்து முறை லேசாக மிதித்தால் டிரம் காய்ந்துவிடும். சரிவில் இந்தச் சலுகை கிடையாது.

ஒட்டிக்கொண்டுவிட்டால் ஆக்சிலரேட்டரை முறுக்கி இழுக்க வேண்டாம், லைனிங்கே பெயர்ந்து வரும். சமதரையாக இருந்தால் முதல் கியர், ரிவர்ஸ் என்று மாற்றி மாற்றி மெல்ல அசைத்துப் பாருங்கள், ஒரு 'டப்' சத்தத்தோடு விட்டுவிடும். விடவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டிரம்முக்குள் துரு நீக்கும் ஸ்பிரே அடிப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எண்ணெய் பட்ட லைனிங் அப்புறம் பிடிக்காது.

உங்கள் வண்டி எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். லீவரை மெதுவாகத் தூக்கி, எத்தனை 'டிக்' கேட்கிறது என்று எண்ணுங்கள். வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் போட்டிருக்கும். முன்பைவிட அதிகம் ஏறுகிறது என்றாலே ஏதோ தளர்ந்திருக்கிறது. பிறகு ஆள் நடமாட்டமில்லாத லேசான சரிவில், முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் போட்டு, காலை மெல்லத் தளர்த்துங்கள். நகர்ந்தால் உடனே மிதித்துவிடலாம். இறக்கிய பிறகும் சிவப்பு விளக்கு அணையவில்லை என்றால் பிரேக் ஆயில் குறைந்திருக்கவும் வாய்ப்புண்டு, பல கார்களில் இரண்டுக்கும் ஒரே விளக்குதான். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு ஒரு பின் சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பக்கம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிரம்மைத் தொடாதீர்கள், அருகில் கை கொண்டுபோனாலே தெரியும்.

நிற்கும் வண்டிக்கும் சட்டம் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி, உரிமம் உள்ளவர் ஓட்டுநர் இருக்கையில் இல்லாமல் பொது இடத்தில் வண்டியை விடுவதென்றால், இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோ அது தானாக நகர முடியாதபடி வைத்திருக்க வேண்டும்.

வேலைக்கு விடும்போது "கொஞ்சம் டைட் வெச்சுக் குடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். லீவர் அடியில் இருக்கும் நட்டைச் சுற்றினால் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும், நீங்களும் சந்தோஷமாகப் போய்விடுவீர்கள். ஷூ தேய்ந்திருக்கும்போது கேபிளை மட்டும் இறுக்கினால், டிரம்முக்குள் ஷூ இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு வேலை செய்யாமல் போகும், ஷூவும் எப்போதும் உரசிக்கொண்டே ஓடும். இரண்டு பின் டிரம்மையும் கழற்றி, ஷூவையும் சிலிண்டரையும் பார்த்து, சுத்தம் செய்து, ஷூ இடைவெளியை முதலில் சரியாக வைத்து, கேபிளைக் கடைசியில் இறுக்க வேண்டும். டிரம் கழன்றிருக்கும்போது கூடவே நின்று பாருங்கள், நல்ல மெக்கானிக் தானே கூப்பிட்டுக் காட்டுவார். சின்னக் கார்களுக்கு அரை நாள் வேலை. கேபிளே மாற்றினாலும் கூலியோடு சேர்த்துச் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். புது ஷூ போட்டிருந்தால் அது டிரம்மில் படிந்து உட்காரக் கொஞ்சம் ஓட வேண்டும், கேபிளும் ஒரு சுற்றுத் தளரும். அதனால் சில வாரம் கழித்து இன்னொரு தடவை கொண்டுவந்து இறுக்கிச் சரிசெய்துகொள்ளுங்கள். மலைப் பயணம் திட்டமிட்டிருந்தால் அதற்கு முன்பே வந்துவிடுங்கள்.