தொடரேடு: பிளாக்செயினுக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

பலருடைய கணினிகளில் ஒரே மாதிரி இருக்கும், பின்னால் யாரும் மாற்ற முடியாத மின்னணுக் கணக்கேட்டைத்தான் பிளாக்செயின் என்கிறார்கள். அதைப் பிளாக்செயின் என்று தமிழில் எழுதினால் முதல் தொல்லையே எழுத்தில்தான். வலைப்பதிவும் பிளாக், கட்டமும் பிளாக், கறுப்பும் பிளாக். ஸ்டீமிட், ஹைவ் மாதிரி தளங்களைப் பற்றி "பிளாக்செயின்ல பிளாக் எழுதலாம், காசும் வரும்" என்று ஒருவரிடம் சொன்னால், ஏதோ கறுப்புப் பண விவகாரம் என்று அவர் ஒதுங்கிப் போவதைக் குறை சொல்ல முடியாது. பொருள் தெரிகிற ஒரு சொல் நமக்கு வேண்டும்.

முதலில் இந்தச் சொல் வந்த வழி. 2008 அக்டோபரில் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான பிட்காயின் கட்டுரையில் பிளாக், செயின் இரண்டும் தனித்தனியாகத்தான் வருகின்றன. ஒட்டி ஒரே சொல்லானது பின்னால். கருத்து அதைவிடப் பழையது. ஒரு ஆவணம் இன்ன நேரத்தில் இருந்தது என்பதை யாரும் பிறகு மாற்றிவிட முடியாதபடி முத்திரையிட 1991-ல் ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டார்னெட்டாவும் ஒரு வழி சொன்னார்கள்: ஒவ்வொரு முத்திரைக்குள்ளும் அதற்கு முந்தைய முத்திரையின் அடையாளக் குறி இருக்கும், நடுவில் ஒன்றில் கைவைத்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே பொருந்தாமல் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். 1995 முதல் அந்தக் குறியை நியூயார்க் டைம்ஸ் நாளேட்டின் விளம்பரப் பகுதியில் வாராவாரம் அச்சிடவும் செய்தார்கள். ஊரெல்லாம் கையில் வைத்திருக்கும் தாளில் வந்துவிட்டதை யார் திருத்துவது?

ஆக, பிளாக் என்பது ஒரு பக்கம், செயின் என்பது பக்கங்களின் தொடர்ச்சி, மொத்தத்தில் அது ஒரு கணக்குப் புத்தகம். இதை விட்டுவிட்டு கட்டச்சங்கிலி, தொகுதிச்சங்கிலி என்று உறுப்புக்கு உறுப்பு மொழிபெயர்த்தால் தொகுதி தேர்தலுக்கு இழுக்கிறது, சங்கிலி விலங்குக்கு இழுக்கிறது, ஏடு எங்கேயுமே தெரிவதில்லை. தமிழ்நாடு அரசு தன்னுடைய பிளாக்செயின் கட்டமைப்புக்கு 'நம்பிக்கை இணையம்' என்று பெயர் வைத்தது. ஒரு திட்டத்துக்கு அழகான பெயர்தான், ஆனால் எந்தத் தனி ஆளையும் நம்பத் தேவையில்லாமல் கணக்கு நடக்கவேண்டும் என்றுதானே இந்த நுட்பமே பிறந்தது. தொடரேடு என்றும் சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அதுதான் சரி. பேரேடு, பதிவேடு, நாளேடு என்று பழகிய காதுக்குச் சொன்னவுடன் புரியும்.

ஹைவில் சேர்ந்து பாருங்கள், சொல் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். கணக்குப் பெயரில் 3 முதல் 16 எழுத்து வரைதான், அதுவும் ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், புள்ளி, இடைக்கோடு மட்டும். தமிழில் பெயர் வைக்க வழியில்லை, இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வைத்த பெயரை மாற்றவும் முடியாது, ஏட்டில் ஏறிவிட்டது. அப்புறம் சாவிகள் தருவார்கள்: பதிவு போட, வாக்களிக்க ஒன்று, பணத்தைத் தொட ஒன்று, கணக்குக்கே உரிமையாளர் சாவி ஒன்று. பதிவுச் சாவியை மட்டும் அன்றாடம் பயன்படுத்துங்கள், உரிமையாளர் சாவியைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள், அது தொலைந்தால் புதுசு போட்டுத்தர அங்கே அலுவலகம் ஏதும் கிடையாது.

நீங்கள் எழுதுவது 3 விநாடிக்கு ஒன்றாகச் சேரும் பக்கங்களில் ஒன்றில் ஏறும். அதே பதிவு பீக்டி என்ற தளத்தில் பார்த்தாலும் தெரியும், இகன்சி என்ற தளத்தில் பார்த்தாலும் தெரியும், ஏனென்றால் இவை எல்லாம் ஒரே ஏட்டைப் படித்துக்காட்டும் ஜன்னல்கள்தான். வாசகர்கள் போடும் வாக்குகளுக்கான கூலி 7 நாளில் கணக்காகும். திருத்தலாம், ஆனால் பழைய வடிவம் ஏட்டில் அப்படியே கிடக்கும், அதனால் கோபத்தில் எதையும் பதியாதீர்கள்.

இந்த ஏடு ஒருமுறை இரண்டாகவும் ஆனது. 2016-ல் நெட் ஸ்காட்டும் டான் லாரிமரும் தொடங்கிய ஸ்டீமிட் நிறுவனத்தை 2020 பிப்ரவரியில் டிரான் என்ற கிரிப்டோ நாணயத்தின் நிறுவனர் ஜஸ்டின் சன் வாங்கினார். ஸ்டீம் நாணயத்தில் நிறுவனத்தின் கையில் இருந்த பெரிய பங்கு வாக்குகளாக மாறினால் ஏட்டை எழுதும் 'சாட்சி'களை அவர் ஒருவரே நியமித்துவிடலாம் என்று அப்போதிருந்த சாட்சிகள் அந்தப் பங்கை முடக்கினார்கள், மார்ச்சில் கிரிப்டோ நாணயச் சந்தைகள் சில வாடிக்கையாளர்கள் வைத்திருந்த ஸ்டீமைக் கொண்டே வாக்குப் போட்டு அவர்களைச் சாட்சிப் பொறுப்பிலிருந்து இறக்கின. மார்ச் 20-ல் அவர்கள் சுவடியைப் படியெடுப்பதுபோல மொத்த ஏட்டையும் படியெடுத்துக்கொண்டு ஹைவ் என்ற பெயரில் தனியே போனார்கள், நிறுவனத்தின் பங்கை விட்டுவிட்டு. அதற்கு முன் எழுதப்பட்ட பதிவுகள் இன்றும் இரண்டு இடத்திலும் இருக்கின்றன. சங்கிலி பிரிந்தது என்று சொன்னால் இது விளங்காது, தொடரேடு கிளைத்தது என்றால் விளங்கும். ஏடு இப்படி இரண்டாவதை ஆங்கிலத்தில் ஃபோர்க் என்பார்கள், அதற்கும் கிளைப்பு என்றே எழுதலாம்.