பிரெப்பொசிஷன்: பெயருக்கு மூட்டா, வினைக்கு ஒட்டா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் நடத்தும் டியூஷன் வகுப்புக்குப் படிவம் ஒன்றில், அதாவது இடைநிலைப்பள்ளி முதலாண்டில், படிக்கும் பிள்ளை ஒருத்தி வருகிறாள். போன வாரம் கட்டுரை நோட்டை என் முன்னால் விரித்து வைத்தாள். 'ஐ லுக்ட் அப் இட் இன் த டிக்ஷனரி' என்ற வரியில் 'இட்' மேல் சிவப்பு வட்டம். அங்கிருந்து ஓர் அம்புக்குறி 'அப்'பைத் தாண்டிப் பின்னோக்கிப் போயிருந்தது.

"டீச்சர், 'லுக் அட் இட்' சரிதானே? 'லுக் அப் இட்' மட்டும் எப்படித் தப்பாகும்? அட், அப் ரெண்டுமே பிரெப்பொசிஷன்தானே?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் 'இன்', 'அட்' போன்ற சிறு சொற்களைத்தான் பிரெப்பொசிஷன் என்கிறோம். இந்தக் குழப்பம் அந்தப் பெயர் பிறந்த நாளிலிருந்தே கூட வருகிறது.

பிரெப்பொசிஷன் என்பது லத்தீன் 'பிரய்பொசிட்டியோ'விலிருந்து வந்தது. 'பிரய்' என்றால் முன்னால், 'பொனெரே' என்றால் வைத்தல். அதுவும் கிரேக்கத்தின் 'புரோதெசிஸ்' என்ற சொல்லைப் பார்த்து லத்தீன்காரர்கள் செய்துகொண்டது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டயோனிசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணம் இப்படி 18 சொற்களைக் கணக்கிடுகிறது. ஒரு சொல்லோடு ஒட்டித் தொகையாகவும் வரும், தனியே நின்று தொடரிலும் முன்னால் வரும் என்று அது விளக்கம் சொல்கிறது. ஆக, வினையோடு ஒட்டுவதும் பெயருக்கு முன் நிற்பதும் அன்றைக்கே ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன. நம் பிள்ளை 'அட்', 'அப்' இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டதில் வியப்பில்லை.

மலாயில் இதற்குப் பெயர் 'காத்தா செண்டி நாமா'. இதைச் சொல்லித் தரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கும். மூன்றும் வடமொழி வழி வந்த சொற்கள்: காத்தா நம் கதை, செண்டி நம் சந்தி, நாமா நம் நாமம். மலாயில் காத்தா என்றால் சொல், செண்டி என்றால் மூட்டு. 'சாக்கிட் செண்டி' என்று மருந்துக்கடையில் கேட்டால் மூட்டு வலிக்குத் தைலம் எடுத்துத் தருவார்கள். எனவே காத்தா செண்டி நாமா என்பது பெயருக்கு மூட்டாக நிற்கும் சொல். முன்னால் வைப்பது என்று இடத்தை மட்டும் சொல்கிறது லத்தீன். யாருக்கு உறவு என்பதையே சொல்லிவிடுகிறது மலாய்ப் பெயர்.

அந்த உறவை மலாய் எழுத்திலும் காட்டுகிறது. 'டி சினி' என்றால் இங்கே. அதில் 'டி' பெயர் பக்கம் நிற்பதால் இடம் விட்டு எழுத வேண்டும். 'டிலாராங் மெரோக்கோக்', அதாவது புகைபிடிக்கத் தடை என்பதில் அதே 'டி' வினையைச் சேர்ந்தது, அதனால் சேர்த்து எழுத வேண்டும். கடைச் சுவர்களில் இதைப் பிரித்து எழுதியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓர் இடைவெளிதான், ஆனால் அந்த 'டி' யாருடைய ஆள் என்பதை அதுதான் சொல்கிறது.

ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. 'லுக் அப் த வர்ட்', 'லுக் அப் த சிம்னி' என்று இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத வேண்டும். முதலாவது சொல்லை அகராதியில் தேடுவது. இரண்டாவது புகைபோக்கிக்குள் அண்ணாந்து பார்ப்பது. பெயரை எடுத்துவிட்டு அங்கே 'இட்' போட்டால்தான் வேறுபாடு வெளியே வரும். முதலாவது 'லுக் இட் அப்' ஆகும், இரண்டாவது 'லுக் அப் இட்' என்றே இருக்கும். பெயருக்கு மூட்டாக நிற்கும் சொல் தன் பெயரை விட்டுக்கொடுக்காது, 'இட்' அதன் பின்னால்தான் வரும். வினைக்கு ஒட்டாக நிற்பது வழிவிட்டு 'இட்'டை நடுவில் உட்காரவைக்கும்.

ஏன் நடுவில்? சொல்லிப் பார்த்தால் காது பதில் சொல்லும். 'லுக் இட் அப்' என்பதில் அழுத்தம் 'அப்' மேல் விழுகிறது. 'லுக் அட் இட்' என்பதில் 'அட்' அழுத்தமே இல்லாமல் நழுவிப்போகிறது. ஆங்கில வாக்கியம் கனமான சொல்லில் முடிய விரும்பும். 'இட்', 'ஹிம்', 'தெம்' எல்லாம் ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் குறிக்கும் லேசான சொற்கள், அதனால் உள்ளே போய்விடுகின்றன. முழுப் பெயராக இருந்தால் 'லுக் அப் த வர்ட்', 'லுக் த வர்ட் அப்' இரண்டும் செல்லும்.

ஓர் எச்சரிக்கை. பொருள் ஒட்டிக்கொண்டது என்பதற்காக இடமும் மாறிவிடாது. 'லுக் ஆஃப்டர்' என்றால் கவனித்துக்கொள்வது, பின்னால் பார்ப்பது அன்று. ஆனாலும் 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்றுதான் வரும். அங்கே 'ஆஃப்டர்' மூட்டுதான்.

இனி தமிழ்ப் பெயர். பிரெப்பொசிஷனை முன்னிடைச்சொல் என்கிறோம். இடைச்சொல் என்பது மிகப் பொருத்தம். "இடையெனப் படுப பெயரொடும் வினையொடும் நடைபெற்று இயலும் தமக்கியல் பிலவே" என்கிறது தொல்காப்பியம். பெயரோடும் நடக்கும், வினையோடும் நடக்கும், தனக்கென்று இயல்பு இல்லை. 'அப்' என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. 'முன்' என்பதில்தான் கொஞ்சம் உறுத்தல். "தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்" என்ற நன்னூல் விதியில் 'முன்' என்றால் அடுத்து வருவது. அதைப் படித்தவர் முன்னிடைச்சொல்லைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆனாலும் வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க வேண்டாம் என்பது என் எண்ணம். அதைப் பெயருக்கு முன் நிற்பவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

'லுக் அப்', 'டர்ன் ஆஃப்' போன்றவற்றை ஃபிரேசல் வெர்ப் என்கிறார்கள். ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி தந்த இந்தப் பெயரை 1925இல் அச்சில் பரப்பியவர் லோகன் பியர்சால் ஸ்மித். தமிழில் இதற்குக் கூட்டுவினை என்ற சொல் தயாராக இருக்கிறது. பெயரும் வினையும் கூடலாம். நாம் தினமும் கேட்கும் 'பசியாறிட்டீங்களா'வில் உள்ள பசியாறு அப்படிப்பட்டது. வினையும் வினையும் கூடலாம், கண்டுபிடி போல. இடைச்சொல்லும் வினையும் கூடினால் முன்னேறு, பின்பற்று. இந்த மூன்றாவது வகைதான் 'லுக் அப்'புக்கு உடன்பிறப்பு. ஆங்கிலத்தில் ஒட்டு பின்னால் வருகிறது, நமக்கு முன்னால் வருகிறது.

'இட்' சோதனை தமிழிலும் உண்டு என்று சொன்னதும் பிள்ளை நம்பவில்லை. கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். 'அவர் பின் போ.' 'அவரைப் பின்பற்று.' முதல் வரியில் 'பின்' அவருடைய ஆள், 'ஐ' உருபு தேவைப்படவில்லை. இரண்டாவதில் 'பின்' வினையோடு போய்விட்டது, உடனே 'ஐ' வந்து நிற்கிறது. 'அதன் மேல் ஏறு', 'அதை மேற்கொள்' என்பதும் அப்படியே. ஆங்கிலத்தில் 'இட்' இடம் மாறிக் காட்டுவதைத் தமிழில் உருபு மாறிக் காட்டுகிறது.

வீட்டில் 'லைட்ட ஆஃப் பண்ணு' என்று பேசிப் பழகியதால், நம் பிள்ளைகள் பரீட்சைத்தாளில் 'ஐ ஆஃப் இட்' என்று எழுதுகிறார்கள். 'பண்ணு' தமிழ் என்பதால் அதைக் கழித்துவிடுகிறார்கள். ஆங்கில வினையைக் கொண்டுவந்து வைக்க மறந்துவிடுகிறார்கள். 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் 'பண்ணு' இருந்த இடத்தை 'டர்ன்' நிரப்புகிறது.

வகுப்பு முடிந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சர், 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' அப்படின்னா 'டேக் தெம் ஆஃப்'. அப்ப கூட்டுவினை. கேஎல் சென்ட்ரல்ல 'கெட் ஆஃப் த டிரெயின்' சொன்னா?"

"'இட்' போட்டுப் பாரும்மா."

"கெட் இட் ஆஃப்..." உதட்டைப் பிதுக்கினாள். "இல்ல டீச்சர். கெட் ஆஃப் இட். அந்த ஆஃப் ரயிலோட ஆளு."