ரத்தக்காட்டேரி கடித்த பிணத்தில் என்ன தெரியும்?

பூட்டிய அறை. கட்டிலில் ஒரு பிணம், கழுத்தில் இரண்டு சின்னத் துளைகள். தடயவியல் நிபுணராக ஆடுபவர் பிணத்தைப் பரிசோதிப்பதாகச் சொல்லிப் பகடையை உருட்டுகிறார். எண் சரியாக விழவில்லை. "ஒன்றும் தென்படவில்லை" என்கிறார் கதையை நடத்தும் கேம் மாஸ்டர். கதை அங்கேயே படுத்துவிட்டது.

இன்றைய உலகில் பேயையும் ஓநாய் மனிதனையும் உலவவிட்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டங்களில் இது பழைய சிக்கல். 1981இல் வந்த 'கால் ஆஃப் கதுல்ஹு' துப்பறிவதையே ஆட்டத்தின் மையமாக்கியது. ஆனால் துப்பு கிடைப்பதைப் பெரும்பாலும் பகடையிடம் விட்டது. பின்னாளில் ஆட்ட வடிவமைப்பாளர் ராபின் லாஸ் உருவாக்கிய 'கம்ஷூ' விதிமுறையில், உரிய திறமை உள்ளவர் உரிய இடத்தில் தேடினால் கதை நகரத் தேவையான துப்பு கட்டாயம் கிடைக்கும். பகடையே வேண்டாம்.

சரி, துப்பு கிடைத்துவிட்டது. அதற்கு என்ன பொருள்? சுவாரஸ்யமே அதில்தான். பலர் இந்த இடத்தில், "ஏதோ ஒரு சக்தி கருவிகளைத் தடுக்கிறது" என்று கைவிரித்து விடுகிறார்கள். என்னைக் கேட்டால், இதைவிடச் சோம்பேறித்தனமான உத்தி கிடையாது. கருவிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யட்டும். அவை சொல்வதுதான் ஒன்றோடொன்று ஒத்துப்போகக் கூடாது.

பிணத்தையே பார்ப்போம். இதயம் நின்றதும் ரத்தம் புவியீர்ப்பால் உடலின் அடிப்பக்கம் இறங்கித் தேங்கும். அங்கே தோல் ஊதா நிறமாகும். சுமார் 8 முதல் 12 மணி நேரத்தில் அந்த நிறம் நிலைத்துவிடும். அதன் பிறகு பிணத்தைப் புரட்டிப் போட்டாலும் பெரிதாக இடம் மாறாது. விறைப்பு வேறு கணக்கு. தசை தளர்வதற்கு ஏடிபி என்ற வேதிப்பொருள் தேவை. இறந்தபின் அது தீர்ந்துபோவதால் 2 முதல் 4 மணி நேரத்தில் தாடையும் கழுத்தும் இறுகத் தொடங்கும். சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுதும் விறைத்து, ஓரிரு நாளில் மறுபடி தளரும். அறையின் சூடு இந்த நேரங்களை முன்னே பின்னே தள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது.

நம் பிணம் முழுக்க விறைத்திருக்கிறது, ஆனால் முதுகில் ஊதா நிறமே இல்லை. தேங்குவதற்கு உடலில் ரத்தம் இருந்தால்தானே! ரத்தக் கறையைக் காட்டிக்கொடுக்கும் லூமினால் என்ற ரசாயனத்தைத் தரையில் தெளித்துப் பார்க்கிறார்கள். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு அதன் வேதிவினையை முடுக்கிவிட, இருட்டில் சில நொடிகள் நீல ஒளி தெரியும். இந்தத் தரையில் அப்படி எதுவும் ஒளிரவில்லை. அப்படியானால் ஐந்து லிட்டர் ரத்தம் எங்கே போனது? "வேறெங்கோ கொன்று இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்" என்று மேசையில் ஒருவர் கட்டாயம் சொல்வார். சொல்லட்டும். நியாயமான சந்தேகம்தான். ரத்தக்காட்டேரி என்ற சொல்லை கேம் மாஸ்டர் மட்டும் உச்சரிக்கக் கூடாது.

ஓநாய் மனிதன் வந்தால் எனக்கு இன்னும் கொண்டாட்டம். கதவிடுக்கில் உதிர்ந்த முடி ஒன்று சிக்கியிருக்கிறது. முடியின் நடுவே மெடுல்லா என்றொரு பகுதி ஓடும். மனித முடியில் பொதுவாக அதன் அகலம் முடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. விலங்கு முடியில் பெரும்பாலும் பாதிக்கு மேல். மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததும் 'விலங்கு' என்று தெரிகிறது. தானாக உதிர்ந்த முடியில் செல் உட்கருவின் டிஎன்ஏ சரிவரக் கிடைக்காது என்பதால் உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஆராய்கிறார்கள். முடிவு: மனிதர்.

இரண்டு சோதனையிலும் தவறில்லை. போதாக்குறைக்கு, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாய்வழியே வருவது. ஒரு தாயின் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றாகவே இருக்கும். ஆகவே அது எந்தக் குடும்பம் என்று காட்டும், ஆளைக் காட்டாது.

அப்படியென்றால் பகடை எதற்கு? எண் மோசமாக விழுந்தால் துப்பைப் பறிக்க வேண்டாம், மாதிரியைப் பறிக்கலாம். டிஎன்ஏ எடுக்கும்போது முடி கரைந்து போய்விடும். முதலில் மைக்ரோஸ்கோப்பில் படம் பிடித்து வைக்கவில்லை என்றால், அது விலங்கு முடி என்பதற்கு ஆதாரமே இருக்காது.

ஆய்வகத்தில் காத்திருக்க வேண்டிய வரிசையும் கேம் மாஸ்டருக்கு நல்ல ஆயுதம். இரண்டு முழுநிலவுகளுக்கு இடையே சுமார் 29½ நாள். கொலை நடந்தது ஓநாய் மனிதன் உருமாறும் முழுநிலவு இரவு. அறிக்கைக்கு நான்கு வாரம் ஆகும் என்கிறது ஆய்வகம். அறிக்கை கைக்கு வரும்போது சந்தேகப் பட்டியலில் உடன்பிறந்தவர்கள் மூன்று பேர் இருப்பார்கள், அடுத்த முழுநிலவுக்கு ஒரு நாள் இருக்கும்.