மின்சாரம் அறுபடும்போது பிறக்கும் பொறி

மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. ஆனாலும் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின் கொண்ட பழைய அம்பாசிடரைப் பிள்ளைபோல் பார்த்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. அந்தக் காரைச் சில மாதம் ஓட்டாமல் விட்டுச் சாவியைத் திருகினால், செல்ஃப் நன்றாகச் சுற்றும். இன்ஜின் மட்டும் பிடிக்காது. உடனே சிலிண்டருக்குள் பொறி விடும் பிளக், அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில், கண்டன்சர் (மின்தேக்கி) என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி மாற்றுவார்கள். கார் கிளம்பினாலும் கிளம்பும். எது கெட்டிருந்தது என்பது மட்டும் தெரியாது. பழைய இக்னிஷனுக்கு, அதாவது பெட்ரோல் கலவையைப் பொறியால் பற்றவைக்கும் அமைப்புக்கு, இந்தக் குருட்டு வைத்தியம் தேவையே இல்லை. அது வேலை செய்யும் விதம் புரிந்தால், ஒரு 12 வோல்ட் சோதனை விளக்கே பெரும்பாலான கோளாறுகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பேட்டரி தருவது 12 வோல்ட். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையின் நடுவே பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இதற்கு அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்ட தீர்வுதான் பிற்காலம்வரை கார்களில் இருந்தது. காயிலுக்குள் இரும்பு உள்ளகத்தைச் சுற்றித் தடித்த கம்பி சில நூறு சுற்றுகளும், மயிரிழை போன்ற கம்பி பல ஆயிரம் சுற்றுகளும் இருக்கும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட் (திறந்து மூடும் மின்தொடர்பு) மூடியிருக்கும்போது தடித்த கம்பியில் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் உருவாகும். அப்போது பொறி வராது. கேம் என்ற மேடுள்ள தண்டு சுழன்று பாயின்ட்டைத் திறந்து, அந்த மின்சாரத்தை வெட்டும் நொடியில்தான் பொறி பிறக்கிறது. வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று மூடினால் குழாய் அதிர்கிறதே, அதே கதைதான். புலம் எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ அவ்வளவு வோல்ட் எழும். தடித்த கம்பியிலேயே 200, 300 வோல்ட் எழும். மெல்லிய கம்பியில் அது ஏறத்தாழ நூறு மடங்காகும்.

யாரும் மதிக்காத கண்டன்சரின் அருமை இங்கேதான் தெரியும். பாயின்ட் திறக்கத் தொடங்கும்போது இடைவெளி மிகச் சிறியது. மின்சாரம் அதைத் தாண்டிச் சுடராகத் தொடரப் பார்க்கும். அப்படித் தொடர்ந்தால் புலம் மெல்லச் சரியும், பிளக்குக்குப் போவது நோஞ்சான் பொறியாக இருக்கும். கண்டன்சர் அந்த மின்சாரத்தைத் தான் வாங்கிக்கொண்டு, வெட்டைச் சுத்தமாக்குகிறது. சூடானதும் இன்ஜின் நின்று, ஆறியதும் மறுபடி கிளம்பும் காரில் கண்டன்சர் மீதும் காயில் மீதும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கோளாறைத் தேட நடுவில் தொடங்குவதே புத்திசாலித்தனம். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வரும் தடித்த கம்பியை உருவி, காப்பிட்ட குறட்டால் பிடித்து, அதன் நுனியை இன்ஜின் உலோகத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, வேறொருவரைச் செல்ஃப் போடச் சொல்ல வேண்டும். அருகில் பெட்ரோல் கசிவோ வாடையோ இருந்தால் இதைச் செய்யவே கூடாது. சடசடவென்று நீலப் பொறி வந்தால் காயிலும் அதற்கு முன்னால் உள்ளவையும் நலம். குறை மூடி, ரோட்டர் (மூடிக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக் கம்பிக்கும் மின்சாரம் கொடுக்கும் துண்டு), பிளக் கம்பிகள், பிளக் ஆகியவற்றில் இருக்கிறது. பொறியே இல்லை, அல்லது மஞ்சளாக மெலிந்து வருகிறது என்றால் குறை காயில் பக்கம்.

அப்போது சோதனை விளக்கை எடுக்கலாம். லூகாஸ் நிறுவனத்தின் பழைய காயில்களில் எஸ்டபிள்யூ, சிபி என்று இரண்டு முனைகள் இருக்கும். முதலாவது சாவிப் பக்கம், இரண்டாவது பாயின்ட் பக்கம். விளக்கின் ஒரு முனையைச் சிபியிலும் மற்றதை இன்ஜின் உடலிலும் வைத்து, சாவியைத் திருப்பி இன்ஜினைச் சுற்றினால், பாயின்ட் திறக்கும்போது விளக்கு எரியும், மூடும்போது அணையும். அணையாமல் எரிந்தால் பாயின்ட் மூடினாலும் மின்சாரம் கடக்கவில்லை என்று பொருள். நிறுத்தி வைத்த காரில் அடிக்கடி நிகழ்வது இதுதான்: பாயின்ட்டின் டங்ஸ்டன் முனைகளில் ஆக்சைடு படிந்துவிடும், 12 வோல்ட்டால் அதைத் துளைக்க முடியாது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துகள் போகத் துடைத்தால் போதும். காயிலின் மேல் பழி போட்டுப் புதுக் காயில் வாங்கியவர்கள் ஏராளம்.

விளக்கு எரியவே இல்லையா? எஸ்டபிள்யூ முனையில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் இருட்டு என்றால் சாவி ஸ்விட்ச், வயர், பேட்டரி என்று பின்னோக்கிப் போக வேண்டும். அங்கே எரிந்தால், சிபியிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி சிபியில் வைக்கலாம். இப்போது எரிந்தால் காயில் சுற்று அறுபடவில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கண்டன்சர் ஷார்ட் ஆகியிருக்கும் அல்லது பாயின்ட் திறக்காமல் இருக்கும். கேமில் உரசும் கட்டை தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே வரும். முழுதாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துத்தான் அளக்க வேண்டும், கண் மதிப்பு உதவாது. இன்னொன்று: சாவியைப் போட்டபடி வெகுநேரம் விடக் கூடாது. பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் 3 ஓம் காயிலில் 4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் வெந்துவிடும்.

மழைக்காலக் கோளாறு பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில். உள்ளே படிந்த ஈரத்தின் வழியே உயர் மின்னழுத்தம் கசிந்து, கரிக்கோடு போட்டுவிடும். ஈரத்தைத் துடைத்தால் சரியாகும். கோடு விழுந்த மூடியை மாற்றத்தான் வேண்டும். பிளக்கைக் கழற்றி வெளியில் வைத்துப் பார்க்கும் சோதனையை முழுதாக நம்ப முடியாது. திறந்த காற்றில் பொறி எளிதில் தாண்டும். சிலிண்டரின் அழுத்தத்தில் அதே இடைவெளிக்குப் பல மடங்கு வோல்ட் தேவைப்படும். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியும் 10 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். பொறிக்குத் தேவை அதிகமான வேளையில் காயிலுக்குக் கிடைப்பது குறைவு.

கம்பிகளைக் கழற்றி மாட்டியிருந்தால் வரிசையையும் பார்க்க வேண்டும். இந்த இன்ஜினில் சிலிண்டர்களுக்குப் பொறி போவது 1, 3, 4, 2 என்ற முறையில். ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். பொறி நீலமாக வந்து, வரிசையும் சரியாக இருந்து, பலமுறை செல்ஃப் போட்ட பிறகும் பிளக்கின் நுனி உலர்ந்தே இருந்தால், இக்னிஷனை விட்டுவிட்டு, பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறதா என்று பார்க்கலாம்.